மளிகைக்கடை மீனாட்சி

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. பார்த்தார்கள், பார்த்ததால்தான் போய்விட்டார்கள் என்பது அம்மாவின் கட்சி. இந்த வழக்கு எங்கள் வீட்டில் வெகு காலம் நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகையால் இனி நான் சொல்வதுதான் வரலாறு.

நாங்கள் பரவைக்காரர்கள். திண்டுக்கல் ரோட்டை ஒட்டி அய்யாவுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. கத்தரியும் வெண்டையும் சந்தைக்குப் போகும். நான் பிறந்தது முதல் அந்தத் தோட்டத்து வெயிலில்தான் நின்றேன். எனக்கு நல்ல கருப்பு நிறம். தரகரிடம் அம்மா அதை மாநிறம் என்பாள். "வெயில்ல நின்னதுல கொஞ்சம் கறுத்திருச்சு" என்றும் சேர்த்துக்கொள்வாள், என்னமோ நிழலில் நிறுத்தினால் வெளுத்துவிடுவேன் என்பதுபோல. இடது புருவத்தின் நடுவில் எனக்கு ஒரு வெட்டு உண்டு. சின்ன வயதில் கிணற்றடியில் நின்றபோது மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக் கயிறு அறுந்து முகத்தில் அடித்துவிட்டது. அந்த இடத்தில் அப்புறம் முடி முளைக்கவே இல்லை.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடக் கூடியவர்கள்கூட மன்னிக்காதது என் பார்வையை. யாராவது என்னிடம் பேசினால் நான் அவர்கள் கண்ணைப் பார்ப்பேன். அவ்வளவுதான். அதற்கு ஊரில் முறைப்பு என்று பெயர். தரையைப் பார்த்துப் பதில் சொன்னால் அடக்கமான பெண், முகத்தைப் பார்த்துச் சொன்னால் திமிர் பிடித்த கழுதை. ஆண்பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது என்பதை நான் அப்போதே சொல்லிக்காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கூடப் படித்த பெண்கள் இடுப்பில் ஆளுக்கொரு பிள்ளையோடு கோயிலுக்கு வர ஆரம்பித்த பிறகும் நான் வீட்டிலேயே இருந்தேன். பேரையூர்ப் பக்கத்தில் ஒரு இரண்டாந்தாரம் மட்டும் காத்திருந்தது. முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. கரிசல் காடு, கொஞ்சம் பருத்தி, கொஞ்சம் ஆடு. எங்கள் கிணற்றில் கமலை போட்டால் நாளெல்லாம் தண்ணீர் வரும். அங்கே குடிக்கிற தண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். பேரையூர் என்ற பேரைக் கேட்டாலே நான் கொல்லைப்பக்கம் எழுந்து போய்விடுவேன்.

அய்யா ஒரு கெடு வைத்தார். "பங்குனி வரைக்கும் டவுன்ல பாப்போம். அமையலையா, பேரையூருக்கே குடுத்துருவோம். பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு ஒக்காந்திருக்க?"

டவுனில் அமைவதாக இருந்தது ஒரு மளிகைக்கடை. மாசி வீதியில் பெரிய கடை. ஒரே பையன். சொத்தும் சொந்தமும் எல்லாம் ஒத்துவந்தன. பாக்கி இருந்தது நான்தான். ஆவணியில் ஒரு நல்ல நாளில் பையனின் அம்மா, வில்வண்டி கட்டிக்கொண்டு, கூட இரண்டு பெண்களோடு பரவைக்கு வந்து இறங்கினாள். பையன் வரவில்லை. அப்போதெல்லாம் மாப்பிள்ளை வந்து பார்க்கிற வழக்கம் எங்களில் கிடையாது. பெண்டுகள் வந்து பார்த்துப் போய்ச் சொல்வதுதான்.

எங்கள் பக்கம் இன்னொரு வழக்கமும் உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில், பெண் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். அதாவது சாப்பிடுவார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதற்கப்புறம் பேச்சு மாறக்கூடாது. பிடிக்காவிட்டால் வாசனை மூக்கைத் துளைத்தாலும் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். ஆகவே வீட்டில் விருந்து தயாராக இருக்கும். பெண் நடந்து வருவதையும் அடுப்படி வாசனையையும் ஒரே சமயத்தில் எடை போட்டுக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

மளிகைக்கடை அம்மா அன்று காலையில்தான் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். நெற்றியில் அந்தக் குங்குமம் இருந்தது. தினமும் போவாளாம். கருவறை விளக்கு வெளிச்சத்தில் கருப்பாய் நிற்கிறவளைத் தினமும் கண் குளிரப் பார்த்துவிட்டு வருகிற அந்த அம்மா, என்னைப் பார்த்து, "நிறம் கொஞ்சம் மட்டுத்தான், என்ன மதினி" என்றாள்.

"வெயில்ல நின்னது" என்றாள் அம்மா.

"புருவத்துல வேற கத்தி வச்சுக் கீறுனாப்புல இருக்கு" என்றாள் அந்த அம்மா. கூட வந்த பெண்களில் ஒருத்தி, புருவத்தில் வெட்டு இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாக என்றால் அடுப்படி வரை கேட்கிற மெதுவு. "அது கெடக்கட்டும்" என்றாள் மளிகைக்கடை அம்மா. "ஏன் மதினி, புள்ள எதுக்கு இப்படிப் பாக்குது?"

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசுகிறவளைப் பார்க்காமல் தூணையா பார்க்க முடியும்?

ஆனாலும் ஒரேயடியாக அவர்கள் உதறவில்லை. "பையன் பாக்கட்டும், ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, கை நனைக்காமல் வண்டி ஏறினார்கள். பண்ணிய வடையையும் கேசரியையும் இரண்டு நாள் நாங்களே தின்றோம்.

போட்டோ எடுக்க டவுனுக்குப் போனோம். மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், கண்ணாடி ஓடு போட்ட ஒரு ஸ்டுடியோ. பாய் ஒருவர் வைத்திருந்தார். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிப் பிழைத்தவர், அப்புறம் காமிரா வாங்கிக்கொண்டாராம். அவர் எழுதிய மாளிகைத் திரைக்கு முன்னால், குளத்தில் இரண்டு அன்னம் மிதக்க, என்னை நிறுத்தினார்கள். கழுத்தில் பக்கத்து வீட்டு அட்டிகை. கையில் ஒரு புஸ்தகம், படித்தவள் என்று தெரிவதற்காக. ரவிக்கையைப் பின்னால் இழுத்துப் பிடித்து ஊக்குக் குத்தியிருந்தார்கள், அது முதுகில் குத்திக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் பவுடர் போட்டா முகம் எடுக்கும்ண்ணே" என்று பாய் அய்யாவிடம் சொன்னார். அம்மா அதற்காகவே காத்திருந்தவள். ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர். நான் முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு வந்து நின்றேன்.

"சிரிடி" என்றாள் அம்மா. "பல்லுத் தெரியாமச் சிரி."

"தங்கச்சி, இங்கிட்டு, இந்தக் கண்ணாடியப் பாருங்க. ஆடாதீங்க" என்றார் பாய்.

"மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? தலையக் குனி. ரொம்பக் குனியாத. இந்தச் சிறுக்கியை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்" என்று அம்மா ஒரு பக்கம் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்க, எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காமிராவைச் சுட்டுவிடுகிறவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்து பாய் மூடியைத் திறந்து மூடிவிட்டார்.

போட்டோ போன வேகத்தில் திரும்பி வந்தது. ஜாதகம் சேரவில்லையாம். அவர்கள் எங்களிடம் ஜாதகமே கேட்கவில்லை. தரகரை அய்யா மடக்கிக் கேட்டதும் அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். "பையன் போட்டோவப் பாத்துட்டு, ஏம்மா, இந்தப் பொண்ணு என்னைய அடிக்க வருதான்னு கேட்டானாம்ணே. அந்த அம்மா சொல்றாக, முகத்துல களையே இல்லையாம்."

அய்யா தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் அழுதேன். அந்தப் பையனுக்காக இல்லை, அவனை நான் பார்த்ததுகூட இல்லை. களை இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கண்ணாடி முன்னால் நின்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு நமக்கும் அது தெரியாமல் போய்விடுகிறது.

தையில் அந்தக் கடையிலிருந்தே எங்கள் வீட்டுக்கு ஒரு காலண்டர் வந்தது. வேண்டாம் என்று சொன்னவர்களின் கடையில் நீங்கள் இன்னுமா சாமான் வாங்கினீர்கள் என்று கேட்டால், ஆமாம், வாங்கினோம். மாப்பிள்ளை இல்லை என்றார்கள் என்பதற்காக அந்தத் துவரம்பருப்பை விட முடியுமா? வேறு கடைப் பருப்பு வேகாது. யுத்தம் முற்றிக் காகிதத்துக்குப் பஞ்சம் வருவதற்கு முந்தைய வருஷம் அது. வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் கடையில் இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்குக் காலண்டர் கொடுத்தார்கள். அடியில் தேதிக் கட்டு, மேலே பெரிய படம். கையில் கிளியோடு மதுரை மீனாட்சி.

பரவையில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. பச்சை மேனி, கிரீடம், சாய்ந்த கொண்டை, மூக்குத்தி. எல்லாவற்றையும்விட அந்தப் பார்வை. எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே நேராகப் பார்த்தது. மற்றச் சாமி படங்களெல்லாம் எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும், இவள் நீ என்ன செய்தாய் என்று கேட்கிற மாதிரி இருந்தாள். இடது புருவத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அம்மாதான் அதற்கு விளக்கம் கண்டுபிடித்தாள். "எட்டுத் திக்குக்கும் படை எடுத்துப் போனவ இல்லையா? சண்டையில அம்பு பட்டிருக்கும். எழுதுனவன் அதைக்கூட விடாம எழுதியிருக்கான் பாரு." தெருவில் எல்லாரும் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அந்த முகத்துக்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள்.

நானும் கும்பிட்டேன். ஊரைச் சொல்கிறேனே, என் கதையைச் சொல்லாவிட்டால் எப்படி? மற்றவர்கள் தூங்கி எழுவதற்கு முன்னால் தலைக்குக் குளித்து, அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, தாயே, உன் முகத்தில் இருக்கிற களையில் கொஞ்சமாவது எனக்குக் கொடு, என்னைப் பேரையூருக்கு அனுப்பிவிடாதே என்று மனம் உருகி வேண்டிக்கொண்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளை உற்றுத்தான் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மாசியில் விருதுநகரில் ஒரு இடம் வந்தது. அவர்களும் போட்டோ கேட்டார்கள். பழைய போட்டோ ராசியில்லாதது என்று அம்மா புதிதாக எடுக்கச் சொன்னாள். அவளுக்கு உடம்பு சரியில்லை, நானும் அய்யாவும் மட்டும் போனோம்.

பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். வரவேற்பதற்காக எழுந்த மாதிரி இல்லை. உள்ளறைக் கதவைச் சாத்தப் போனார். நான் அதற்குள் பார்த்துவிட்டேன். உள்ளே ஒரு பெரிய படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். காலண்டரில் இருந்த அதே மீனாட்சி, ஆளுயரத்தில், சாயம் மின்ன. பக்கத்தில் ஒரு போட்டோ ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது, பெரிதாக்கி எழுதுவதற்கு வசதியாக. கட்டங்களுக்குள் பக்கத்து வீட்டு அட்டிகையோடு, பவுடரைத் துடைத்த முகத்தோடு, நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்துக்குள் கண். பக்கத்துப் படத்திலும் அதே கண். புருவத்து வெட்டுக்கு என்றே தனியாக ஒரு சின்னக் கட்டம்.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றார் பாய். "சொல்லாமச் செஞ்சது தப்புத்தான். கடையில மீனாட்சி வேணும்னு கேட்டாக. எழுதி எழுதிக் காட்டுறேன், ஒண்ணும் அந்த அம்மாவுக்குப் பிடிக்கலை. சிரிச்சாப்புல இருக்கு, படைக்குப் போனவ மாதிரி இல்லைங்கிறாக. எங்கிட்ட இருக்கற பொண்ணு போட்டோவையெல்லாம் எடுத்துப் பாத்தேன். அம்புட்டும் தரையப் பாக்குது. கண்ணே இல்லை. கடைசியில தங்கச்சி போட்டோ வந்துச்சு. நிறமும் நகையும் நான் போட்டதுண்ணே. பார்வை உங்க வீட்டுச் சரக்கு."

"பவுடர் போடாட்டி முகம் எடுக்காதுன்னீங்களே" என்று நான் கேட்டேன்.

"ஆமா, எடுக்கலைதான்" என்றார். "அப்ப அது கல்யாணப் போட்டோ."

அய்யா படத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். அடிக்கத்தான் போகிறார் என்று பாய் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அய்யா செருப்பைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய், அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் கை கூப்பினார். பக்கத்தில் நின்ற என்னை அவர் பார்க்கவே இல்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. படியில் இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. சந்தில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, நீங்கள் வீட்டில் சூடம் காட்டுவது எனக்குத்தான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பரவை வந்து சேர்வதற்குள் அது ஆத்திரமாக மாறிவிட்டது. அதே முகம், அதே வெட்டு, அதே முறைப்பு. மேலே ஒரு கிரீடம் இருந்தால் அருள், இல்லாவிட்டால் திமிரா?

அம்மாவுக்கு ஆத்திரமெல்லாம் வரவில்லை. அவள் கேட்டதும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். விருதுநகர் இடத்தை அன்றோடு மறந்தாள். மளிகைக்கடைப் பையனுக்கு இன்னும் அமையவில்லை. எந்தப் பெண்ணைக் காட்டினாலும் அவன் அம்மா, நம்ம காலண்டரில் இருக்கிற மாதிரி ஒரு களையான முகம் வேண்டும் என்கிறாள் என்று தரகர் புலம்பியிருந்தார். "கேட்ட முகத்தையே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அம்மா.

எனக்கு ரோஷம் ஒரு பக்கம், பேரையூர் ஒரு பக்கம். பேரையூர் ஜெயித்தது. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா எனக்குப் பச்சைச் சேலை கட்டி, கொண்டையைச் சாய்த்துப் போட்டு, மூக்குத்தியைத் துடைத்து மாட்டி, பாயிடம் முன்பே வாங்கி வைத்திருந்த கட்டம் போட்ட போட்டோவை இடுப்பில் செருகிக்கொண்டு, டவுன் பஸ் ஏற்றினாள். கிளி ஒன்றுதான் பாக்கி.

மாசி வீதி வீட்டில், கூடத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, மல்லிகைச் சரம் சுற்றி அந்தப் படத்தை மாட்டியிருந்தார்கள். அம்மா என்னை அதன் அடியிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். மளிகைக்கடை அம்மா என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"என்ன மதினி இது" என்றாள். "எங்க படத்தைப் பாத்து உங்க மகளுக்குப் புருவத்தைச் செரச்சு விட்டிருக்கீக? சாமி வேஷம் கட்டுனா சாமி ஆயிருமா?"

அம்மா என் புருவத்து வெட்டை விரலால் தேய்த்துக் காட்டினாள். அப்புறம், "ஆவணியில நீங்க பாக்க வந்தப்பவே இருந்துச்சே. கத்தி வச்சுக் கீறுனாப்புலன்னு சொன்னது நீங்கதானே" என்றாள்.

"அது வேற மாதிரி இருந்துச்சு. நான் என்னத்த அம்புட்டு உத்துப் பாத்தேன்?"

என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. அம்மா அன்று அதைக் கவனிக்கவில்லை, அவள் இடுப்பிலிருந்து போட்டோவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மளிகைக்கடை அம்மா போட்டோவை வாங்கிப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டம் கட்டமாகப் பார்த்தாள். ஆவணியில் வந்தபோதும் இல்லாமல், போட்டோ அனுப்பியபோதும் இல்லாமல், அன்றைக்குத்தான் அவள் முதல்தடவையாக என்னைப் பார்த்தாள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அதுவும் இல்லை. அவள் அப்போதும் பார்த்தது படத்தைத்தான். அது சட்டத்தை விட்டு இறங்கி வந்து கூடத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கடையிலிருந்து மகனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் வந்து கூடத்து ஓரத்தில் நின்று, விஷயத்தைக் கேட்டு, தலையைக் குனிந்தவன் நிமிரவே இல்லை. பெண்ணுக்கு முன்னால் தரையைப் பார்த்து நின்ற ஒரு மாப்பிள்ளையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை முடிந்தது என்று அம்மா நினைத்தாள், நானும் நினைத்தேன்.

மளிகைக்கடை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். "மதினி, தப்பா நெனைக்காதீக. சாமிய எப்படி நான் மருமகளா எடுக்க? நாளைக்குப் பாத்திரம் வெளக்குன்னு எப்படிச் சொல்வேன்? ஒரு சொல்லு ஏசிட்டு இந்தப் படத்துக்கு முன்னாடி வந்து எப்படி நிப்பேன்? ஏவவும் கூடாது, ஏசவும் கூடாதுன்னா அப்புறம் மருமக எதுக்கு?"

அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். என் மகள் நன்றாகப் பாத்திரம் விளக்குவாள் என்றுகூடச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கதம்பமும் தேங்காயும் வைத்துத் தட்டோடு கொடுத்து, அம்மா மடியில் ஒரு படி துவரம்பருப்பையும் கட்டி, தெருமுனை வரை வந்து வழியனுப்பினார்கள். சாமி ஊர்வலம் போகிறபோது கொடுக்கிற மரியாதை. முதல் தடவை குறைந்துபோய் வேண்டாமென்றார்கள், இரண்டாம் தடவை கூடிப்போய் வேண்டாமென்றார்கள். நடுவில் இருந்த பெண்ணை யாரும் விசாரிக்கவில்லை. பஸ்ஸில் அம்மா அழுதுகொண்டே வந்தாள், பருப்பை மட்டும் சிந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்ன செய்வாள் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருந்தது. வழக்கம்போலவே குங்குமம் வைத்தாள். சூடம் ஏற்றினாள். படத்தின் கண்ணைப் பார்த்துப் பார்த்து அவள் கண் கலங்கியது. "எம்புட்டு அருள் இந்தப் பார்வையில" என்று முணுமுணுத்துவிட்டு, சூடத் தட்டோடு திரும்பினாள். நான் பின்னால் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிற?" என்றாள். "இப்படி நின்னா எவன்டி வருவான் உன்னையக் கட்ட?"

நான் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வந்தவர் பேரையூர்க்காரர்தான். வந்து பார்க்க வீட்டில் பெண்டுகள் இல்லாததால், சித்திரை வெயிலில், பெரியப்பா ஒருவரோடு அவரே வந்தார். விடிவதற்கு முன்னால் கிளம்பியிருக்கிறார்கள். பஸ் திருமங்கலத்தில் படுத்துவிட்டது. அங்கிருந்து வண்டி மாறி, நடந்து, உச்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது மனுஷனுக்குக் கண் இருண்டு போயிருக்கிறது. அம்மா சும்மா ஒரு மரியாதைக்கு இலை போட்டாள். நான் இன்னும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பெண்ணைப் பார்க்கட்டும் என்று பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் இவர் சோற்றில் கையை வைத்துவிட்டார்.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். அய்யா மட்டும் முகம் மலர்ந்து, "நெய்ய ஊத்து" என்றார். என் கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான். என்னைப் பார்க்காமலே ஒருவர் சம்மதித்தார், அதுவும் பசிக்காக. ரசம் ஊற்ற நான்தான் போனேன். வழக்கம்போல நேராகப் பார்த்தேன். அவரும் நிமிர்ந்து பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார்.

பேரையூருக்குப் போகிற அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். என் பெட்டியில் அம்மா அந்தக் காலண்டர் படத்தையும் சுருட்டி வைத்திருந்தாள். எரிச்சலில் நான் அதை அடியில் தள்ளி, மேலே சேலைகளைப் போட்டு மூடினேன். மீனாட்சியாக இருந்து என்னைக் காப்பாற்ற முடியாதவள் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும் என்றிருந்தது. தண்ணீருக்கு நடக்க வேண்டும் என்று சொன்னது பொய்யில்லை. நடந்தேன். கரிசல் காட்டில் பருத்தி எடுத்தேன். என் முகத்தில் களை இருக்கிறது, இல்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. களை என்றால் அவர்களுக்குக் காட்டில் முளைப்பதுதான்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு தைப்பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது சுவர் மொட்டையாக இருந்தது. யுத்தக் காலம், புதுப் படம் எங்கேயும் கிடைக்காது. பெட்டியைக் கிளறி அந்தப் படத்தை எடுத்து, தேதிக் கட்டைக் கிழித்துவிட்டு, ஆணியில் மாட்டினேன். பாயையும் கட்டத்தையும் மளிகைக்கடையையும் பற்றி நான் என் வீட்டுக்காரரிடம் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லி, இவரும் செருப்பைக் கழற்றிவிட்டால் நான் என்ன செய்வேன்?

காட்டிலிருந்து வந்தவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "யாரு இது?" என்றார்.

"மீனாட்சி. மதுரை மீனாட்சி."

"மீனாட்சியா?" கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார். "உன்னாட்டமில்ல முறைக்குது. புருவத்தப் பாரு, அதே கமலைக் கயிறு. உன்னைய எவன் பாத்து எழுதுனது?"

நான் சுண்ணாம்பு வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"வீட்டுல ஒரு ஆளு முறைக்கிறது பத்தாதுன்னு செவத்துல வேறயா?" என்றார்.

மளிகைக்கடை அம்மா காலைத் தொட்டபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. நின்ற இடத்தில் நின்று அழுதேன். அவர் பதறிப்போனார். "எதுக்கு இப்ப அழுவுற? சரி, இருந்துட்டுப் போகட்டும், நான் என்ன கழட்டவா சொன்னேன்" என்றார். மதுரையிலும் பரவையிலும் அத்தனை பேர் சூடம் காட்டிய படத்தை அவர் கும்பிடவில்லை. கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதற்கு நேர் கீழே வந்து உட்கார்ந்து, "சோத்தப் போடு" என்றார்.

போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நிதானமாகச் சாப்பிட்டார்.